நாலு படி

1

நாற்பத்தொன்றாம் நம்பர் மாடு ஒரே நாளில் இரண்டு லிட்டர் பால் குறைத்துவிட்டது. இதை நான் அந்த மாட்டின் முகத்தைப் பார்க்காமலே தெரிந்துகொண்டேன். காலையில் பண்ணை ஆபீசுக்குள் நுழைந்து கோட்டைக் கழற்றி மாட்டுவதற்குள், அச்சடிக்கும் மெஷின் ஒரு முழக் காகிதத்தை வெளியே தள்ளியிருந்தது. அதில் நாற்பத்தொன்றுக்கு எதிரே ஒரு நட்சத்திரக் குறி. நட்சத்திரம் விழுந்தால் நான் ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு கொட்டகைக்கு ஓட வேண்டும். அதுதான் இந்த ஹாலந்து தேசத்தில் என் உத்தியோகம்.

ஊரில் இருப்பவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும். எங்கள் ஆராய்ச்சிப் பண்ணையில் எழுபது மாடுகள். ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு பட்டை, பட்டையில் சோப்புப் பெட்டி அளவுக்கு ஒரு பெட்டி. மாடு தீவனத் தொட்டிக்குள் தலையை நீட்டினால், வந்திருப்பது எந்த மாடு என்று மெஷினுக்குத் தெரிந்துவிடும். எவ்வளவு தின்றது, எவ்வளவு மிச்சம் வைத்தது என்று குறித்துக்கொள்ளும். கறவைக் கூடத்தில் பால் ஒரு கண்ணாடிக் குடுவையில் இறங்கும்போதே அளவு ஏறிவிடும். இத்தனையும் ஒரு பெரிய பீரோ உயரத்துக்கு நிற்கும் கம்ப்யூட்டருக்குப் போய், எந்த மாட்டுக்கு உடம்பு சரியில்லாமல் போகப்போகிறது என்று அது முன்கூட்டியே எனக்குச் சொல்ல வேண்டும் என்பது திட்டம். மாடு வாய்விட்டு அழாது. வலி முற்றித் தீனி எடுக்காமல் நின்ற பிறகுதான் நமக்குத் தெரியும். அதற்கு முன்னால் தெரிந்துகொண்டால் அந்த ஜீவன் படும் பாடு பாதியாகக் குறையும். எனக்கு இந்த வேலை பிடித்ததே அதனால்தான்.

இன்னொரு காரணமும் உண்டு. நான் பிறவியிலேயே கவலைப்படுகிறவன். அதற்கு மாதச் சம்பளமும் கொடுக்கிறார்கள் என்றால் கசக்கவா செய்யும்?

கொட்டகைக்கு ஓடினேன். மாடு பார்க்கும் வில்லெம் எனக்கு முன்பே நாற்பத்தொன்றின் மடியில் கை வைத்துக்கொண்டு குனிந்திருந்தார். "இன்றைக்குக் கடைசி ஆளாக உள்ளே வந்தாள். எப்போதும் முதல் ஆள் இவள்தான்" என்றார். நட்சத்திரத்தைக் காட்டினேன். "உன் மெஷினும் நானும் ஒரே நேரத்துக்கு எழுந்திருக்கிறோம்" என்று சிரித்தார். மருந்து ஏற்றினோம். நாற்பத்தொன்றுக்கு இனிப் பயமில்லை.

ஆனால் எனக்குப் பயம் போகவில்லை. இந்த எழுபதைத் தவிர, எழுபத்தோராவதாக எனக்கு இன்னொரு மாடு உண்டு. அது காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் முசரவாக்கத்தில் இருக்கிறது.

2

அக்கா பெயர் கன்னியம்மா. என்னைவிடப் பத்து வயது மூத்தவள். அத்தான் போன பிறகு, ஒரே மகளையும் தென்னேரியில் கட்டிக்கொடுத்துவிட்டு, முசரவாக்கத்து வீட்டில் தனியாக இருக்கிறாள். நிலம் என்று பேருக்குக் கொஞ்சம் உண்டு. அதில் மாட்டுக்குப் புல் வரும், அவ்வளவுதான். ஊருக்குள் ஏழெட்டு வீட்டுக்கும் ரோட்டோர டீக்கடைக்கும் ஊற்றும் பால்தான் அவளுக்குச் சோறு, துணி, மருந்து எல்லாம்.

இரண்டு வருஷத்துக்கு முன் நான் லீவில் போயிருந்தபோது அவளிடம் இரண்டு நாட்டு மாடுகள் இருந்தன. ஒன்று வற்றினால் மற்றது கறக்கும். அப்படியே அவள் பிழைப்பு ஓடிக்கொண்டிருந்தது. சும்மா இருந்தவளை நான்தான் கெடுத்தேன். இரண்டையும் கொடுத்துவிட்டு ஒரு கலப்பின ஜெர்சி வாங்கு, ஒன்று நாலுக்குச் சமம் என்று காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினேன். அவள் அதை வெகுநேரம் பார்த்தாள்.

"ரெண்டு இருந்தா ஒண்ணு படுத்தாலும் ஒண்ணு நிக்கும்டா. ஒண்ணே ஒண்ணுன்னா பயமா இருக்குதுபா."

"பயப்படாதக்கா. அது படுக்காம நான் பாத்துக்கறேன்" என்றேன்.

ஐயாயிரம் மைல் தள்ளி இருந்துகொண்டு என்ன துணிச்சலில் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை. படித்த தம்பி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவள் இரண்டையும் ஓட்டிவிட்டாள். செவலை நிறத்தில், நெற்றியில் வெள்ளைப் பொட்டோடு ஒரு ஜெர்சி வந்து சேர்ந்தது. அன்றைக்கே அதன் கழுத்தில் சோழி கோத்த கருப்புக் கயிற்றைக் கட்டினாள். அங்கே நாங்கள் கழுத்தில் பெட்டி கட்டுகிறோம் என்று நான் பெருமை அடித்துக்கொண்டேன்.

கிளம்புவதற்கு முன் அவளுக்கு மாட்டுத் தெர்மாமீட்டர் ஒன்றும் ஒரு நீள நோட்டும் கொடுத்தேன். எங்கள் பண்ணையில் கொட்டகைச் சுவரில் தொங்கும் படிவத்தை அப்படியே தமிழில் பெயர்த்து, ஸ்கேல் வைத்து ஏழு கட்டம் போட்டிருந்தேன். தேதி, காலைப் பால், மாலைப் பால், உடம்புச் சூடு, தீனி, தண்ணீர், படுத்தது எத்தனை தரம். கடைசிக் கட்டத்தைப் படித்ததும் அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள்.

"மாடு படுத்ததைக்கூடவாடா எழுதணும்? நான் எப்ப படுத்தேன்னே எனக்குத் தெர்ல!"

சிரிக்காதே, நன்றாகப் படுத்து அசைபோடுகிற மாடுதான் சுகமாக இருக்கிற மாடு என்று பாடம் நடத்தினேன். ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். கையெழுத்து மணிமணியாக இருக்கும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை அந்தக் கட்டங்களை நீல ஏரோகிராமில் பார்த்து எழுதி அனுப்பிவிடுவாள். நான் அதைச் சமையலறைச் சுவரில் ஒட்டியிருக்கும் கட்டம் போட்ட தாளில் புள்ளி வைத்துக் கோடு இழுப்பேன்.

என் மனைவி சுந்தரி செவிலிமேட்டுக்காரி. வாய்க்குக் குறைச்சல் இல்லை. "நீங்க அக்காவுக்கு லெட்டர் எழுதறீங்களா, மாட்டுக்கு எழுதறீங்களா?" என்று கேட்பாள்.

உண்மையில் என் கடிதங்களில் எல்லாம் மாட்டு விஷயம்தான். முதல் வரியில் 'நாங்கள் இங்கு நலம்' என்று எழுதிவிட்டு, இரண்டாவது வரியிலேயே பிண்ணாக்குக்குப் போய்விடுவேன்.

3

நான் இங்கே வந்து இந்த மாதத்தோடு எட்டு வருஷம் ஆகிறது. தேதி எனக்கு நினைவிருக்க வேண்டிய அவசியமே இல்லை. வெளிநாட்டவர் போலீஸ் நினைவு வைத்திருக்கிறது. வருஷா வருஷம் அதே மாதத்தில் கடுதாசி வரும். போய் நிற்க வேண்டும். இங்கே தங்குவதற்கு ஒரு வருஷத்துக்கு முத்திரை குத்துவார்கள்.

இந்த முறை கண்ணாடிக்குப் பின்னால் ஒரு புதுப் பையன் உட்கார்ந்திருந்தான். என் படிவத்தைப் புரட்டினான். 'உங்களை நம்பியிருப்பவர்கள்' என்ற இடத்தில் மனைவி, மகள் பெயருக்குக் கீழே எப்போதும்போல அக்காவின் பெயரையும் எழுதியிருந்தேன்.

"அக்கா குடும்பம் ஆகாது" என்றான் அவன்.

எட்டு வருஷமாகப் பேசும் டச்சு மொழி இந்த மாதிரி நேரத்தில் என்னைக் கைவிட்டுவிடும். அக்கா என்றால் எங்கள் ஊரில் பாதித் தாய் என்று சொல்ல நினைத்தேன். வாயில் வந்தது, என் தாயில் பாதி செத்துவிட்டாள் என்கிற மாதிரி ஏதோ ஒன்று. அவன் மிகுந்த அனுதாபத்தோடு அக்காவின் பெயரைப் பேனாவால் அடித்தான்.

பிறகுதான் விஷயத்துக்கு வந்தான். பண்ணையில் இந்தத் திட்டம் முடியப்போகிறது, அடுத்தது இருக்கிறதா என்று உறுதியாக எழுதித் தரவில்லை, ஆகவே இந்த முறை மூன்று மாதத்துக்குத்தான் முத்திரை. மூன்று மாதம் கழித்து வந்து பாருங்கள் என்றான்.

வெளியே வந்து சைக்கிளைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். திரும்பிப் போவதென்றால் போய்விடலாம், ஊர் ஒன்றும் துரத்திவிடாது. ஆனால் என் மகள் கயல்விழி? ஒன்பது வயது. ஒரு வயதில் வந்தவள். தமிழில் கேட்டால் டச்சில் பதில் சொல்கிறாள். அவளைக் கொண்டுபோய்க் காஞ்சிபுரத்தில் எந்த வகுப்பில் உட்கார வைப்பது? சுந்தரியிடம் அன்று சாயங்காலம் சொன்னேன். அக்காவுக்கு எழுதிய கடிதத்தில் வழக்கம்போல, நாங்கள் இங்கு நலம் என்று எழுதி ஒட்டினேன்.

இந்தப் பதற்றத்தில் எனக்கு ஒரே ஆறுதல் சமையலறைச் சுவர்தான். அக்காவின் மாடு கன்று ஈன்று எட்டு மாதம் ஆகியிருந்தது. காலை இரண்டு படி, மாலை இரண்டு படி, மொத்தம் நாலு படி. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. சூடு நூற்றொன்று. தீனி நல்லா எடுக்குது. ஏரிக் கரை மாதிரி நேராகக் கிடந்த அந்தக் கோட்டைப் பார்க்கும்போதெல்லாம், உலகத்தில் ஒரு இடத்திலாவது எல்லாம் சரியாக இருக்கிறது என்று தோன்றும்.

கன்று ஈன்ற மாட்டின் பால் முதலில் ஏறும், பிறகு மெல்ல இறங்கும். கால்நடை மருத்துவத்தில் முதல் வருஷப் பாடம் இது. எழுபது மாடுகளின் ஏற்ற இறக்கத்தைத் தினமும் பார்க்கிறவன், எழுபத்தோராவது மட்டும் எட்டு மாதம் நாலிலேயே நிற்பதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன். அக்காவின் படி மொத்தையான அளவு, அதில் அரையும் காலும் தெரியாது என்று எனக்கு நானே சமாதானம் வேறு சொல்லிக்கொண்டேன்.

4

இதைக் கண்டுபிடித்தது கயல்விழி.

அவள் பள்ளிக்கூடத்தில் பல் டாக்டர் வந்து எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரு அட்டை கொடுத்திருந்தார். காலை ஒரு கட்டம், மாலை ஒரு கட்டம். பல் தேய்த்தால் ஒரு பெருக்கல் குறி போட வேண்டும். மாத முடிவில் டீச்சர் வாங்கிப் பார்ப்பார். ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவள் சமையலறை மேசையில் உட்கார்ந்து அட்டையில் வரிசையாகப் பெருக்கல் குறி போட்டுக்கொண்டிருந்தாள். நான் எதிரே உட்கார்ந்து அன்று வந்திருந்த ஏரோகிராமைப் பிரித்து, சுவர்த் தாளில் புள்ளி வைத்துக்கொண்டிருந்தேன்.

அவள் எட்டிப் பார்த்தாள். அக்காவின் எழுத்தை அவளுக்குப் படிக்க வராது. எண்கள் மட்டும் தெரியும்.

"அப்பா, அத்தை இதை ஒரே நாள்ல எழுதியிருக்குது" என்றாள். அதிசயமாகத் தமிழில் சொன்னாள்.

"ஆமாம்மா. நோட்டுல தினம் எழுதி வெச்சிருப்பாங்க. அதைப் பார்த்து எழுதறாங்க."

"இல்லப்பா. பாக்காம எழுதியிருக்குது." விரலை வைத்துக் காட்டினாள். நாள் வாரியாக எழுதவே இல்லை. முதலில் தேதி எல்லாவற்றையும் அக்கா மேலிருந்து கீழே எழுதியிருந்தாள். பிறகு ஒரே மூச்சில் இரண்டு, இரண்டு, இரண்டு. பிறகு அடுத்த கட்டத்தில் இரண்டு, இரண்டு, இரண்டு. கீழே போகப் போக எழுத்து சாய்ந்துகொண்டே போனது. "கை வலிச்சா இப்படித்தான் சாயும்" என்றாள் கயல்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

தன் அட்டையைத் தூக்கிக் காட்டினாள். அந்த மாதம் முழுவதற்குமான பெருக்கல் குறிகளை அப்போதுதான் போட்டு முடித்திருந்தாள். அவையும் கீழே போகப் போகச் சாய்ந்திருந்தன.

மகளைத் திட்டுவதா, கட்டிக்கொள்வதா என்று தெரியவில்லை. இரண்டையும் சுந்தரியிடம் விட்டுவிட்டு, பழைய ஏரோகிராம்களை எல்லாம் எடுத்து மேசையில் பரப்பினேன். பழைய கடிதங்களில் எழுத்து நேராகத்தான் இருந்தது. ஒரு மாதத்துக்குள் வந்த இரண்டில் மட்டும்தான் இந்தச் சாய்வு. எண்கள் என்னவோ எல்லாவற்றிலும் ஒன்றுதான். சுந்தரியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

5

தந்தி கொடுக்கலாம் என்றாள் சுந்தரி. உடனே அவளே நாக்கைக் கடித்துக்கொண்டாள். முசரவாக்கத்துக்குத் தந்தி போனால், அதைப் பிரிப்பதற்கு முன்பே தெருவே கூடி ஒப்பாரி வைத்துவிடும். கடிதம் போய்ப் பதில் வர மூன்று வாரம். மீதி இருந்தது டிரங்க் கால்தான்.

சுந்தரியின் அண்ணன் ஏகாம்பரம், காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் ஒரு பட்டுக்கடையில் வேலை பார்க்கிறார். கடையில் டெலிபோன் உண்டு. திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு, அங்கே பதினொன்றரைக்கு, லைன் கிடைத்தது. அக்காவை நாளைக்கு இதே நேரத்துக்குக் கடைக்குக் கூட்டி வாருங்கள் என்று மட்டும் கத்தினேன். "யாருக்கு மாப்ள உடம்பு சரியில்ல?" என்று அவர் கத்தினார். "மாட்டுக்கு!" என்று நான் கத்தினேன். லைன் அறுந்துவிட்டது.

அன்று முழுவதும் எனக்கு எந்த வேலையும் ஓடவில்லை. மெஷின் காகிதத்தைத் தள்ளிக்கொண்டே இருந்தது. எழுபது மாடுகளும் என்ன தின்றன, எவ்வளவு கறந்தன, யார் கடைசியாக வந்தது எல்லாம் என் கையில் இருந்தது. அந்த ஒரு மாடு நிற்கிறதா படுத்துவிட்டதா என்பது தெரியவில்லை. நின்றால் அக்கா நிற்பாள். அது படுத்தால்? மாற்றுக்கு இன்னொன்று இல்லாமல் செய்தவன் நான்தானே.

மறுநாள் லைன் கிடைக்க ஒன்றே கால் மணி நேரம் ஆயிற்று. சுந்தரி பக்கத்தில் நின்றாள்.

"அலோ! தம்பி! நல்லா இருக்கியாடா? சுந்தரி, கொழந்த எல்லாம் நல்லா இருக்குதா?"

"நல்லா இருக்கோம்கா. மாடு எப்படி இருக்குது?"

"நல்லா இருக்குதுபா."

"எவ்ளோ கறக்குது?"

லைன் போய்விட்டதோ என்று பயந்தேன். பிறகு தணிந்த குரலில், "நாலு படி" என்றாள்.

"அக்கா, மறைக்காத. உண்மையச் சொல்லு."

"இன்னாடா நீ! கட நெறைய ஜனம் நின்னுக்கினு இருக்குது. இங்க வந்து இதையா கேக்கறது?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் ஊரில் யாரும் யாரையும் இந்தக் கேள்வி கேட்பதில்லை. தப்பித் தவறிக் கேட்டால் 'ஏதோ வூட்டுக்கு ஆவுது' என்பதுதான் பதில். பால் செம்பை முந்தானையால் மூடாமல் தொழுவத்திலிருந்து வீட்டுக்குக் கொண்டுவர மாட்டார்கள். அம்மா அப்படித்தான் கொண்டுவருவாள். அவள் பின்னாலேயே நடந்து வளர்ந்தவன் நான். இங்கே மாட்டின் கறவையைப் பலகையில் எழுதி வாசலில் மாட்டுகிறார்கள், வருகிறவன் போகிறவன் எல்லாம் படித்துவிட்டுத் தொப்பியைத் தூக்குகிறான். எட்டு வருஷத்தில் எனக்கு அம்மாவின் முந்தானை மறந்தேபோய்விட்டது. ஒட்டினாலும் வெளிச்சத்தில் பிடித்தால் எழுத்துத் தெரிகிற ஏரோகிராமில், தினம் எவ்வளவு கறக்கிறது என்று எழுதி, நாலு தபாலாபீஸ் தாண்டி அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

"சரிக்கா. நான் கேக்கறேன். நீ ஆமா இல்லைன்னு மட்டும் சொல்லு. கன்னு போட்ட புதுசுல நாலுக்கு மேலயா?"

"ஆமா."

"அஞ்சு?"

"அதுக்கும் மேல."

"ஆறு?"

"கொஞ்சம் கீழ."

"இப்ப? நாலுக்குக் கீழயா?"

"ஆமாபா."

"மூணு?"

"இன்னும் கீழ."

"ரெண்டா?"

"ம்."

சுந்தரி என் தோளைப் பிடித்தாள். "ஏன்கா? ஏன் எழுதல?" என்றேன். என் குரல் எனக்கே அழுகை மாதிரி கேட்டது.

"மொதல்ல கண்ணு படும்னு கொறச்சி எழுதினேன்டா. அப்புறம் நீ பயந்துக்குவியேன்னு ஏத்தி எழுதினேன். ரெண்டுக்கும் நாலுதான் தோதா இருந்திச்சி."

"சூடு? தெர்மாமீட்டர் வெச்சிப் பாக்கறியா?"

"அது கண்ணாடிடா, ஒடஞ்சிடும். பீரோல வெச்சிருக்கறேன். காதத் தொட்டா தெரியாதா எனக்கு?"

மூன்று நிமிஷம் ஆகிவிட்டது என்று நடுவில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சிலிருந்து ஒரு பெண் சொன்னாள். இன்னும் மூன்று நிமிஷம் கொடுங்கள் என்று கெஞ்சினேன்.

"மடி எப்படிக்கா இருக்குது?"

"பின்னால ஒரு காம்பு கல்லாட்டம் இருக்குது. பத்து நாளாச்சி. பால் திரி திரியா வருது."

"ஒட்டக் கறக்கறியா? கொஞ்சம்கூட மடியில நிக்கக் கூடாதே!"

யாரோ போனை வாங்கும் சத்தம். ஏகாம்பரம் பேசினார்.

"மாப்ள, அக்கா சொல்லமாட்டேங்குது. நான் சொல்றேன். வலது கையில கட்டு போட்டுக்கினு இருக்குது. சாணி வழுக்கி விழுந்து ஒரு மாசம் ஆவுதாம். மணிக்கட்டு முறிஞ்சிப்போச்சி. எதிர்வூட்டுப் பொம்பளதான் வந்து கறக்குது. மாடு வேத்துக் கைக்குப் பால் எறக்கமாட்டேங்குதாம். பாதியிலயே ஒதைக்குதாம்."

நான் என்ன சொன்னேன் என்று தொடர்ச்சியாக நினைவில்லை. கருப்புத் துணியில் பீய்ச்சிப் பாருங்கள், திரி தெரியும். கறக்கும்போது கன்றைப் பக்கத்தில் கட்டுங்கள். அக்கா முன்னால் நின்று கழுத்தைத் தடவிக்கொடுக்கட்டும், அவள் வாசனை பட்டால் இறக்கும். இரண்டு மணிக்கு ஒருதரம் அந்தக் காம்பைப் பீய்ச்சிவிடுங்கள். இன்றைக்கே மாட்டாஸ்பத்திரி டாக்டரைக் கூட்டிக்கொண்டு போங்கள். அக்காவைக் கை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். இந்தக் கடைசி வார்த்தை போய்ச் சேர்ந்ததா என்று தெரியாது. லைன் போய்விட்டது.

6

வில்லெமிடம் சொன்னேன். அவர், "உங்கள் ஊரில் யார் கறக்கிறார்கள்?" என்று மட்டும் கேட்டார். மாட்டை வளர்க்கிறவர்களே, கையால், என்றேன். கொட்டகைச் சுவரில் தொங்கிய படிவத்தைத் திரும்பிப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

அந்தப் படிவத்தில் யார் கறந்தது என்று ஒரு கட்டம் கிடையாது. தேவை இல்லை. இங்கே கறப்பது ரப்பர்க் குழாய். அது வழுக்கி விழாது, அதற்கு மணிக்கட்டு கிடையாது. அதைப் பார்த்துத்தான் நான் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டேன். மாடு படுத்து எழுந்ததற்குக்கூட ஒரு கட்டம் கொடுத்தேன். தினம் இரண்டு வேளை அதன் அடியில் குந்தி உட்காரும் கைக்கு ஒரு கட்டம் கொடுக்கவில்லை. அக்காவின் கை முறிந்ததைச் சொல்ல அந்தக் காகிதத்தில் இடமே இல்லை. அதனால் சாய்ந்த எழுத்தில் இரண்டு, இரண்டு, இரண்டு என்று எழுதியிருக்கிறாள். முறிந்த கையாலா, பழகாத இடது கையாலா என்பதுகூட எனக்குத் தெரியவில்லை.

அக்காவின் கடிதத்துக்காக மூன்று வாரம் காத்திருந்தேன். நடுவில் ஒருதரம் ஏகாம்பரத்தைப் பிடித்தேன். டாக்டர் வந்து ஊசி போட்டார், காம்புக்குள் மருந்து விட்டார், மாடு நிற்கிறது, அவ்வளவுதான் தெரியும் என்றார். நிற்கிறது என்ற ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு நான் சைக்கிள் மிதித்தேன். காகிதத்தில் நட்சத்திரம் விழுந்த ஒவ்வொரு முறையும் முசரவாக்கம் ஞாபகம் வந்து ஓடினேன். நாற்பத்தொன்று பழையபடி முதல் ஆளாக உள்ளே வர ஆரம்பித்தது. சமையலறைச் சுவரில் இருந்த தாளைக் கழற்றிவிட்டேன். அந்த இடத்தில் மட்டும் பெயின்ட் வெளுக்காமல் சதுரமாக இருந்தது. கயலின் பல் அட்டை உண்மைதானா என்று தினம் பிரஷ்ஷைத் தொட்டு ஈரம் பார்த்தேன். அதற்கு அவள் என்னிடம் இரண்டு நாள் டச்சில்கூடப் பேசவில்லை.

நேற்று கடிதம் வந்தது. ஏரோகிராம் இல்லை. கெட்டியான கவர். நாலு பக்கமும் கோந்து தடவி, மேலே நூல் வேறு சுற்றியிருந்தாள். எந்தத் தபால்காரனும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க முடியாது. உள்ளே இரண்டு தாள்.

முதல் தாளில் மாடு. பின் காம்பு ஒன்று போய்விட்டது, இனி மூன்றுதான் என்று எழுதியிருந்தாள். மொத்தம் இரண்டரை. மறுநாள் இரண்டே முக்கால். அதற்கடுத்த நாள் இரண்டேகால், 'எதிர்வூட்டுக்காரி ஊருக்குப் பூட்டா, நான் இடது கையால கறந்தேன்.' பிறகு மூன்று. ஒரு நாள் மாதிரி ஒரு நாள் இல்லை. இத்தனை அழகான மேடு பள்ளத்தை நான் எந்தக் காகிதத்திலும் பார்த்ததில்லை. கட்டங்களுக்குப் பக்கத்தில் அவளாகவே ஒரு கட்டம் சேர்த்திருந்தாள், 'கை' என்று. 'விரல் மடங்குது, பிழிய முடியல.' 'வெந்நீர் ஒத்தடம்.' 'பரவால்ல.' சுந்தரிக்கு வாய்விட்டுப் படித்துக்காட்டினேன். மாடு பிழைத்துவிட்டது. அக்கா நிற்கிறாள்.

இரண்டாவது தாளைப் பிரித்தேன். அதிலும் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருந்தாள். கோடுகள் கொஞ்சம் கோணல். ஏழு கட்டம். தேதி, காலைச் சாப்பாடு, ராச்சாப்பாடு, உடம்புச் சூடு, தண்ணி, வேலை, படுத்தது எத்தனை மணி. மேலே கொட்டை எழுத்தில் 'தம்பி' என்று தலைப்பு. கட்டங்கள் எல்லாம் காலியாக இருந்தன. அடியில் நாலு வரி:

"எட்டு வருஷமா நீ எழுதற லெட்டர்ல எல்லாம் நலம் நலம்னு ஒரே மாதிரி இருக்குது. ஒரு தரம்கூட ஏறல, எறங்கல. எனக்கும் சந்தேகமா இருக்குதுடா. இத பூர்த்தி பண்ணி கவர்ல போட்டு அனுப்பு. உண்மைய எழுது."

இன்று ஞாயிற்றுக்கிழமை. காலைப் பலகாரம் முடிந்து மேசையைத் துடைத்துவிட்டு, கயலிடம் பென்சில் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். தேதி எழுதினேன். காலைச் சாப்பாடு, ரொட்டி. ராச்சாப்பாடு, சோறு. சூடு கிடையாது. தண்ணீர் குடிக்கிறேன். இதுவரை சிரமமில்லை. வேலை என்ற கட்டத்துக்கு வந்ததும், மூன்று மாத முத்திரை, அதில் ஏற்கெனவே கரைந்துபோன வாரங்கள் எல்லாம் கண்ணுக்கு முன் வந்தன. அவளுக்குக் கை வலி ஒன்று போதாதா? 'நல்லபடியாக நடக்கிறது' என்று எழுதினேன். படுத்தது என்ற கட்டத்தில் 'ஏழு மணி நேரம்' என்று எழுதினேன்.

சுந்தரி என் பின்னால் நின்று படித்துக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது. கயலின் பென்சில் டப்பாவைத் திறந்து, ரப்பரை எடுத்து, என் கைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.